ஆறு ஆறாய்க் கூட்டினால் வட்டம், அதற்கு மேல்?

டிசம்பரில் லண்டனில் மாலை நான்கு மணி ஆவதற்குள் சூரியன் மறைந்துவிடும். ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் டூட்டிங்கிலும் உள்ள நம் பிள்ளைகள் பள்ளி விட்டு வரும்போதே தெருவிளக்குகள் எரியத் தொடங்கிவிடும். வெளியே ஓடியாட முடியாத அந்த நீண்ட மாலைகளுக்கு ஏற்ற ஒரு வேலை சொல்கிறேன். ஒரு குரோஷா ஊசி வேண்டும். வீட்டில் மிச்சம் கிடக்கும் உல்லன் நூல் ஓர் உருண்டை வேண்டும். பொறுமையாக எண்ணத் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

அறிவியல் பக்கத்தில் பின்னல் எதற்கு என்று கேட்பீர்கள். கணித அறிஞர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தாளில் எழுதி எழுதிப் பார்த்தும், கையில் பிடித்துத் தடவிப் பார்க்கச் சரியாக வாய்க்காத ஒரு வடிவம் இருந்தது. அதை உறுதியாகச் செய்து காட்டியது இந்த ஊசிதான். அதனால்தான் இதை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஊசியைப் பாருங்கள். அதன் முனையில் ஒரு சிறு கொக்கி இருக்கும். ஒரு கண்ணிக்குள் கொக்கியை விட்டு, நூலைப் பிடித்து வெளியே இழுத்தால் புதுக் கண்ணி. அதற்குள்ளிருந்து இழுத்தால் அடுத்தது. எவ்வளவு பெரிய போர்வையானாலும் ஊசியில் எப்போதும் காத்திருப்பது ஒரே ஒரு கண்ணிதான். இரண்டு நீள ஊசிகளால் ஸ்வெட்டர் பின்னுவார்களே, அதில் ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஊசியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள். ஒரு கணித ஆசிரியைக்குப் பெரிய உதவி செய்த வித்தியாசம் இது.

இப்போது ஒரு வட்டம் பின்னுவோம். நடுவில் ஒரு வளையம், அதில் ஆறு கண்ணிகள். அடுத்த சுற்றில் 12. பிறகு 18, 24, 30. ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு கண்ணி கூட்டினால், மேசையில் வைத்தால் அசையாமல் படுத்திருக்கும் தட்டையான வட்டம் கிடைக்கும். குட்டையான அடிப்படைக் கண்ணியால் பின்ன வேண்டும். பிரிட்டிஷ் புத்தகங்களில் அதற்கு டபுள் குரோஷே என்று பெயர். அமெரிக்கக் காணொளிகளில் அதே கண்ணி சிங்கிள் குரோஷே. லண்டன் நூலகத்துப் புத்தகத்தையும் அமெரிக்கக் காணொளியையும் கலந்து படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். எந்த நாட்டு முறை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் ஆறு? ஐந்து ஏன் கூடாது, எட்டு ஏன் கூடாது? எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

வட்டத்தின் சுற்றளவு என்பது 2 × π × ஆரம். ஒரு சுற்று பின்னி முடித்தால் ஆரம் ஒரு கண்ணியின் உயரம் அளவுக்கு வளர்கிறது. ஆரம் ஒன்று கூடினால் சுற்றளவு 2 × 3.14, அதாவது 6.28 கூடியாக வேண்டும். இந்தக் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறத்தாழ ஒன்று. ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு கண்ணியும் சொச்சமும் தேவை. அந்தச் சொச்சத்தை நூலின் நெகிழ்ச்சி சமாளித்துக்கொள்ளும். வட்டம் உள்ளங்கை அளவு இருந்தாலும் சரி, கூடத்தை அடைக்கும் கம்பளமாக இருந்தாலும் சரி, கூட்ட வேண்டியது அதே ஆறு. π-யைப் பள்ளியில் படிக்காத பாட்டிகளும் பின்னிப் பின்னி இதே ஆறில்தான் வந்து நின்றார்கள். நூல் வேறு வழி விடுவதில்லை.

சரி, ஆறுக்குக் குறைவாகக் கூட்டினால்? விளிம்புக்கு வேண்டிய நீளம் கிடைக்காது. அது உள்ளே இழுக்கப்பட்டுக் குழியும். குளிர்காலத் தொப்பி பின்னுவது இப்படித்தான். பூமியும் இந்த வகை வளைவுதான். அதன்மேல் முக்கோணம் வரைந்தால் பள்ளிப்பாடம் பொய்த்துப்போகும். வட துருவத்தில் தொடங்கி, லண்டன் கிரீனிச் வழியாகப் போகும் 0 பாகைத் தீர்க்கரேகையிலேயே நிலநடுக்கோடு வரை இறங்குங்கள். நிலநடுக்கோட்டில் கிழக்கே திரும்பி 90 பாகைத் தீர்க்கரேகை வரை போங்கள். இப்போது இந்தியப் பெருங்கடலில் இருப்பீர்கள். அங்கிருந்து நேராக மேலே ஏறினால் மறுபடி வட துருவம். மூன்று மூலைகளிலும் செங்கோணம். 90 + 90 + 90 = 270. முக்கோணத்தின் கோணங்கள் 180 பாகை என்று படித்தோமே, அது தட்டையான தாளுக்கு மட்டும்.

இப்போது மூன்றாவது வழி. ஆறைவிட அதிகமாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு பின்னினால் 6, 12, 24, 48, 96, 192, 384, 768 என்று போகும். தட்டை வட்டத்தில் எட்டாவது சுற்றுக்கு 48 கண்ணி போதும், இங்கே 768. முதல் ஏழு சுற்றுகளின் கண்ணிகளையெல்லாம் கூட்டினாலும் 762தான். எட்டாவது சுற்று ஒன்றே அவை அத்தனையையும் மிஞ்சிவிடுகிறது! இவ்வளவு நீள விளிம்பு தட்டையாகப் படுக்க இடம் ஏது? மேலும் கீழும் மடிந்து, பாவாடைக் கொசுவம் போல அலையலையாய்ச் சுருண்டுகொள்ளும். பின்னல் பழகுகிறவர்கள் இதைத் தப்பு என்று நினைத்துப் பிரித்துவிடுவார்கள். இந்தச் சுருளுக்குக் கணிதத்தில் ஹைப்பர்போலிக் தளம் என்று பெயர்.

இதன் கதை யூக்ளிடிடம் தொடங்குகிறது. ஒரு நேர்கோடு, அதற்கு வெளியே ஒரு புள்ளி. அந்தப் புள்ளி வழியாக முதல் கோட்டைத் தொடாத இணைகோடு எத்தனை வரையலாம்? ஒன்றே ஒன்று. 2,300 ஆண்டுகளுக்கு முன் யூக்ளிட் வகுத்த வடிவியல் இதை நம்பித்தான் நின்றது. இதை நிரூபித்துவிட வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக அறிஞர்கள் முயன்று தோற்றார்கள். ஹங்கேரியில் ஃபர்காஷ் போல்யாய் என்ற கணித ஆசிரியர், தன் மகன் யானோஷும் இதில் இறங்கியதைக் கண்டு பதறி, இந்த இணைகோட்டுச் சிக்கலை விட்டுவிடு என்று கெஞ்சிக் கடிதமே எழுதினார். மகன் கேட்கவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட இணைகோடுகள் உள்ள ஒரு வடிவியலையே உருவாக்கினார். 1832இல் அது அப்பாவின் புத்தகத்துக்குப் பின்னிணைப்பாக வெளிவந்தது. ரஷ்யாவின் கசான் நகரில் லோபசெவ்ஸ்கி என்ற கணித அறிஞர் 1829இலேயே அதே முடிவை வெளியிட்டிருந்தார்.

கணக்கு சரியாக இருந்தது. ஆனால் இந்த வடிவியல் நடக்கும் ஹைப்பர்போலிக் தளம் எப்படி இருக்கும்? கண்ணால் காட்ட, கையால் தொட நல்ல பொருள் இல்லை. வில்லியம் தர்ஸ்டன் என்ற கணித அறிஞர் 1970களில் காகித வளையத் துண்டுகளை ஒட்டி ஒரு மாதிரி செய்ய வழி சொன்னார். ஆனால் காகிதம் கிழிந்தது. 1997இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணித ஆசிரியை இப்படி நைந்துபோன காகித மாதிரியைப் பார்த்தார். லாத்வியாவில் பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதிலேயே பின்னல் பழகியவர். இதை நூலில் செய்தால் கிழியாதே என்று அவருக்குத் தோன்றியது. முதலில் நீள ஊசிகளால் பின்னிப் பார்த்தார். விளிம்பு பெருகப் பெருகக் கண்ணிகள் ஊசியில் கொள்ளவில்லை. உடனே குரோஷா ஊசியை எடுத்தார். ஒரே ஒரு கண்ணி காத்திருக்கும் ஊசி என்று சொன்னேனே, அது கைகொடுத்தது. விளிம்பு எவ்வளவு நீண்டாலும் அந்த ஊசிக்குக் கவலையில்லை.

அவர் எழுதிய "குரோஷேயிங் அட்வென்சர்ஸ் வித் ஹைப்பர்போலிக் ப்ளேன்ஸ்" என்ற நூலுக்கு லண்டனின் "தி புக்செல்லர்" இதழ் 2009ஆம் ஆண்டின் மிக விசித்திரமான தலைப்புக்கான பரிசைக் கொடுத்தது. அதே நூலுக்கு 2012இல் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் ஆய்லர் நூல் பரிசும் கிடைத்தது. தலைப்பைப் பார்த்துச் சிரித்தவர்கள் உள்ளே படித்துப் பார்த்திருக்க வேண்டும்.

இங்கிலாந்திலேயே இன்னொரு கதை இருக்கிறது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் அப்போது வேலை பார்த்த கணித அறிஞர் ஹின்கே ஓசிங்கா, வானிலைக் கணக்கிலிருந்து பிறந்த லோரன்ஸ் சமன்பாடுகள் தரும் ஒரு சிக்கலான பரப்பை 25,511 கண்ணிகளில் பின்னினார். 85 மணி நேரம் பிடித்தது. கணினி அந்தப் பரப்பைக் கணக்கிட்ட விதமே வரிசை வரிசையாகப் பின்னும் குறிப்பாக இருந்ததால்தான் அதைப் பின்ன முடிந்தது. அவரும் சக கணித அறிஞர் பெர்ண்ட் கிரவுஸ்கோஃபும் 2004இல் அந்தக் குறிப்பை வெளியிட்டார்கள்.

டைமினாவின் சுருளைப் பார்த்துவிட்டு, ஆஸ்திரேலியாவில் பிறந்த இரட்டைச் சகோதரிகளான மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் இருவரும் வேறு ஒன்றைக் கண்டார்கள்: பவளப்பாறை. 2005இல் லாஸ் ஏஞ்சலஸில் தங்கள் வீட்டிலேயே நூலால் பவளப்பாறை பின்னத் தொடங்கினார்கள். ஊர் ஊராக மக்கள் சேர்ந்துகொண்டார்கள். 2008இல் அது லண்டனுக்கு வந்தது. தேம்ஸ் கரையில் சவுத்பேங்க் சென்டரில் காட்சிக்கு வைத்தபோது, பிரிட்டனில் உள்ளவர்கள் பின்னிய பவளங்களும் அதோடு சேர்ந்தன. கண்ணி கூட்டும் விதியை ஒவ்வொருவரும் கொஞ்சம் மாற்றினார்கள். மாற மாற வேறு வேறு இனங்கள் முளைத்தன. பலர் பின்னியதை ஒன்றாகச் சேர்ப்பதில் நம் சென்னையும் சளைத்ததல்ல: 2016 ஜனவரி 31 அன்று "மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்" குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் போர்வையைச் சேர்த்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள்.

பவளத்துக்கு யார் கணக்குச் சொல்லிக்கொடுத்தது? யாரும் இல்லை. நடுப்பகுதியைவிட ஓரம் வேகமாக வளர்ந்தால் போதும். ஊசியில் நாம் கூடுதல் கண்ணி போட்டதன் விளைவு அங்கே தானாக நடக்கிறது. கோழிக்கொண்டைப் பூ, லண்டன் கடைகளில் விற்கும் சுருட்டைக் கேல் கீரை, லெட்டூஸ் இலை எல்லாவற்றிலும் இதைப் பார்க்கலாம். எரான் ஷரோன் என்ற இயற்பியலாளரும் அவர் கூட்டாளிகளும் இதைச் சோதித்தார்கள். கத்தரிச் செடியின் இலை சாதாரணமாகத் தட்டையானது. அதன் ஓரத்தில் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோனைத் தடவினார்கள். ஓரம் கூடுதலாக வளர்ந்து, இலை அலையலையாகிவிட்டது. உயிரே இல்லாத பிளாஸ்டிக்கிலும் இது நடக்கும். மெல்லிய பிளாஸ்டிக் பையை மெதுவாக இழுத்துக் கிழித்துப் பாருங்கள். கிழிந்த ஓரம் நீண்டுவிடுவதால் அது சுருள் சுருளாக நிற்கும். லண்டனிலிருந்து வரும் "நேச்சர்" இதழில் 2002இல் இவர்கள் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதுதான்.

இந்தச் சுருளால் உயிருக்கு லாபமும் உண்டு. குறைந்த இடத்துக்குள் நிறையப் பரப்பு கிடைக்கிறது. பவளம் என்பது மிகச் சிறிய விலங்குகளின் கூட்டம். பாறை கட்டும் பவளங்களின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலைக் கொண்டு உணவு தயாரித்துப் பவளத்துக்கும் பங்கு கொடுக்கும். வெயில் விழுவதும், நீரிலிருந்து இரை கிடைப்பதும் பரப்பில்தான்.

கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடும். நிறமும் போகும், சாப்பாடும் போகும். சூடு தணியாவிட்டால் வெளிறிப்போன பவளம் வெகுநாள் பிழைக்காது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன. 1986இல் அது கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2010இலும் 2016இலும் அங்கே பவளங்கள் பெருமளவில் வெளிறின. நம் கடலில் நம் கண்ணெதிரே நடக்கும் இழப்பு இது. எனக்கு அது மிகவும் வருத்தம் தருகிறது. இன்னொரு பக்கம், தென் லண்டனில் ஃபாரஸ்ட் ஹில்லில் உள்ள ஹார்னிமன் அருங்காட்சியக ஆய்வாளர்கள், கடலின் பருவ வெப்பத்தையும் பகல் நீளத்தையும் நிலவொளியையும் தொட்டிக்குள்ளேயே உண்டாக்கி, கடலில் முட்டையிடுவது போலவே பவளங்களை முட்டையிட வைத்தார்கள். அந்த ஆய்வு 2017இல் வெளியானது. பவளத்துக்கு நாள்காட்டி நிலாதான் என்பதை அவர்கள் அங்கே பயன்படுத்திக்கொண்டார்கள்.

இனி உங்கள் முறை. 4 மில்லிமீட்டர் ஊசி எடுங்கள். புது நூல் வாங்க வேண்டாம். பழைய ஸ்வெட்டரைப் பிரித்தாலும் போதும். இருபது சங்கிலிக் கண்ணி போடுங்கள். பிறகு ஒவ்வொரு வரிசையிலும், ஐந்து கண்ணிக்கு ஒரு கண்ணி கூடுதலாகப் பின்னிக்கொண்டே போங்கள். இறுக்கமாகப் பின்னுங்கள், தொளதொளவென்று இருந்தால் சுருள் நிற்காது. நான்கு வரிசைக்கு ஒரு முறை விளிம்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகும், ஆகவே அவசரப்படாதீர்கள். எண்ணிக்கை தவறினால் நூலை இழுங்கள். அந்த வரிசை பிரிந்து வந்துவிடும், சேதம் ஒன்றும் இல்லை.

பன்னிரண்டு வரிசை முடிந்ததும் துணியை ஓரிடத்தில் மடியுங்கள். அந்த மடிப்பு இந்தத் தளத்தின் நேர்கோடு. வேறு நிற நூலால் அதன்மேல் ஓடுதையல் போடுங்கள். இப்படி மூன்று மடிப்புகள் ஒன்றையொன்று வெட்டினால் ஒரு முக்கோணம். ஒவ்வொரு மூலையையும் மேசையில் லேசாக அழுத்திக் கோணமானியால் அளந்து, மூன்றையும் கூட்டுங்கள். விடை 180ஐ எட்டாது. முக்கோணத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்க அது இன்னும் குறையும்.