முதல் கைத்துப்பாக்கி

அடகுக்கடை நடத்திவரும் என் நண்பர் ஒருவர், நாள்தோறும் இரவில் நகைப்பெட்டியுடன் தனியே வீடு திரும்ப வேண்டியிருப்பதால் கைத்துப்பாக்கி ஒன்று வாங்கிக்கொள்ளலாமா என்று யோசித்து, எது நல்ல துப்பாக்கி என்று என்னிடம் வந்து விசாரித்தார். ரைபிள் கிளப்பில் நெடுங்காலம் குறி பழகியவன் என்ற உரிமையில், விடை சொல்லுமுன் அவருடைய வலக்கையை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். அகன்ற உள்ளங்கை, குட்டையான விரல்கள். கடையில் எத்தனை வகை இருந்தாலும், பிடியை இறுகப் பற்றிய நிலையில் ஆள்காட்டி விரலின் நுனிச்சதை சிரமமின்றி விசையின்மேல் போய் அமர்கின்ற துப்பாக்கி எதுவோ அதுவே அவருக்கு உகந்தது. விரல் எட்டாமல் பிடியைத் திருப்பிக்கொள்ள நேர்ந்தால், உலகப் புகழ்பெற்ற ஆயுதமாயினும் குறி ஒருபக்கமாகவே விலகிப் போகும். ஆனால் அந்தக் கையில் துப்பாக்கி வந்து சேருமுன் சட்டத்தின் வாசலைக் கடந்தாக வேண்டும். ஆகவே முதலில் அதைப்பற்றியே பேசினோம்.

ஆங்கிலேய ஆட்சியில், லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்த காலத்தில் இயற்றப்பட்ட 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், இந்நாட்டவன் லைசென்ஸ் இன்றி ஆயுதம் வைத்திருக்கலாகாது என்று விதித்துவிட்டு, ஐரோப்பியருக்கு மாத்திரம் விலக்களித்தது. அந்த அவமானத்தைத் துடைத்தெறிந்து, குடிமக்கள் அனைவரையும் சமமாக வைத்துச் சுதந்திர பாரதம் இயற்றியதே 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். விண்ணப்பதாரரிடம் போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கலாகாது என்றும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றும் அச்சட்டத்தின் 14ஆம் பிரிவு கூறுவதைப் படிக்கும்போது, அதை எழுதியவர்களின் மனோபாவத்தை எண்ணி நான் மரியாதை கொள்கிறேன். மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு. ஆயினும் இதனால் ஆயுதம் வைத்திருப்பது பிறப்புரிமை ஆகிவிடவில்லை. தகுந்த காரணம் காட்டிப் பெறவேண்டிய அனுமதியாகவே அது இன்றும் இருக்கிறது.

இருபத்தோரு வயது நிரம்பியவர், மாவட்டமாயின் ஆட்சியரிடமும், காவல் ஆணையர் உள்ள மாநகரமாயின் ஆணையரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். தமக்கு ஏன் ஆயுதம் தேவைப்படுகிறது என்பதை விண்ணப்பத்தில் மழுப்பாமல் சொல்ல வேண்டும். உள்ளூர்க் காவல் நிலையம் அவருடைய நடத்தையையும், வழக்குகள் ஏதேனும் உண்டா என்பதையும், அண்டை அயலாரிடம் அவருக்குள்ள பெயரையும் விசாரித்து அறிக்கை அனுப்பும்; உடல் நலத்துக்கும் மன நலத்துக்கும் மருத்துவச் சான்று வேண்டும்; 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், ஆயுதத்தையும் தோட்டாவையும் பத்திரமாகக் கையாளும் பயிற்சியையும் இவற்றுடன் சேர்த்தன. இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும். நண்பர் இத்தாமதத்தைக் குறைபட்டுக்கொண்டார். நானோ, கோபத்திலோ பயத்திலோ எழுந்த ஆசை அடங்கிப்போகவும், உண்மையான தேவை மட்டும் எஞ்சி நிற்கவும் அந்த அவகாசம் அவசியம் என்றே கருதுகிறேன். 2019ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க இயலாது. உரிமத்தின் காலமோ மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீண்டது.

இனி இயந்திரத்துக்கு வருவோம். கைத்துப்பாக்கிகளில் ரிவால்வர், பிஸ்டல் என இரு ஜாதிகள் உண்டு. ரிவால்வரின் நடுவே பொதுவாக ஆறு அறைகள் கொண்ட உருளை ஒன்று இருக்கிறது. விசையை இழுக்க இழுக்க, பின்புறத்தில் குதிரை எனப்படும் சுத்தி மெல்ல எழும்ப, அதே அசைவில் உள்ளிருக்கும் சிறிய நெம்புகோல் ஒன்று உருளையைச் சரியாக ஓர் அறை அளவு திருப்பிப் புதிய தோட்டாவைக் குழலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்த, இழுப்பின் முடிவில் குதிரை விடுபட்டுப் பாய்ந்து தோட்டாவின் அடியைத் தட்டுகிறது. இத்தனை வேலையையும் ஒரே விரல் செய்வதால் விசை நீளமாகவும் கனமாகவும் இழுபடும், குதிரையைக் கட்டைவிரலால் முன்கூட்டியே பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டால் விசை இலகுவாகிவிடும், குறியும் திருந்தும். வெடிக்காத தோட்டா அமைந்துவிட்டால் மறுபடி விசையை இழுத்தாலே போதும், அடுத்த அறை வந்து நிற்கும்.

பிஸ்டலோ தோட்டா வெடிக்கும் வேகத்தையே வேலைக்காரனாக்கிக் கொள்கிறது. அவ்வேகத்தில் மேற்சட்டம் பின்னே ஓடி வெற்றுக் கூட்டை வெளியே எறிந்துவிட்டு, சுருள்வில் தள்ள முன்னே திரும்புகையில், பிடிக்குள் செருகிய மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைக் கவ்விக் குழலுக்குள் ஏற்றிவிடும். தட்டையாக இருப்பதால் இடுப்பில் மறைந்திருக்கும், சுடுவதும் விரைவு. ஆனால் புதியவர் அறியவேண்டிய ஆபத்து ஒன்று அதில் ஒளிந்திருக்கிறது. மேகசினை உருவிக் கையில் வைத்துக்கொண்டு துப்பாக்கி காலியாகிவிட்டது என்று நம்புகிறவர் பலர். குழலின் அடியில் ஏற்கெனவே ஏறியிருக்கும் ஒற்றைத் தோட்டா அங்கேயே காத்திருக்கும். மேகசினை எடுத்த பிறகு மேற்சட்டத்தைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, கண்ணால் பார்த்து, சுண்டுவிரலால் தடவியும் பார்த்தாலன்றி அது காலி அல்ல. ரிவால்வரில் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. திறந்தால் ஆறு துளைகளும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். முதன்முதலாக வாங்குகிறவர் ரிவால்வரையே வாங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

குழலின் விட்டத்தைப் பொறுத்தவரை நம் நாட்டில் தேர்ந்தெடுக்க அதிகம் இல்லை. ராணுவமும் போலீசும் கையாண்டுவந்த 9 மில்லிமீட்டர், .38, .455 முதலியவை சாதாரணக் குடிமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. ஆகையால் நடைமுறையில் பெரும்பாலோர் வாங்குவது .32 தான். அதிலும் ஓர் எச்சரிக்கை: ரிவால்வருக்கான .32 தோட்டாவும் பிஸ்டலுக்கான .32 தோட்டாவும் வெவ்வேறானவை. பெயர் ஒன்றாயிருப்பதால் மாற்றி வாங்கிவிடக் கூடாது. கான்பூரில் உள்ள அரசாங்கத் தொழிற்சாலை, பழைய வெப்ளி ரிவால்வரின் அமைப்பைத் தழுவி .32 ரிவால்வர்களைச் செய்துவந்திருக்கிறது. 2014இல் அங்கிருந்து வெளிவந்த ‘நிர்பீக்’, டைட்டானியக் கலவையால் ஆனதால் சுமார் 500 கிராம் எடையே உள்ளது. அப்போதைய விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கும் மேல். எடை குறைந்தால் சுமப்பது சுகம், சுடும்போது கையில் உதைப்பு அதிகம் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். 2023இல் வந்த ‘பிரபல்’ என்னும் ரிவால்வரில் உருளை பக்கவாட்டில் திறந்துகொள்ளும். பிஸ்டல் விரும்புவோருக்கு அரசாங்கத் தயாரிப்பான ‘அஷானி’ உண்டு. 1980களின் நடுப்பகுதியிலிருந்து இறக்குமதி தடைப்பட்டுப் போனபடியால், பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகள் கைமாறிக் கைமாறி, தகுதிக்கு மிஞ்சிய விலை பெறுகின்றன; அந்த மோகத்துக்கு ஆட்படாமலிருப்பது நலம்.

பழைய துப்பாக்கியே வாங்க நேர்ந்தால், அதன் உடலில் பொறித்த எண் உரிமத்திலும் பதிவேட்டிலும் உள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்; எண்ணைச் சுரண்டிய துப்பாக்கியை விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். காலிதான் என்று உறுதி செய்துகொண்டபின் குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நோக்கினால், உள்ளே திருகிச் செல்லும் வரிகள் கூர்மையாக ஓடுகின்றனவா, துரு அரித்த புள்ளிகள் உண்டா என்பது தெரியும். குதிரை பின்னே நிற்கையில் உருளையை விரலால் அசைத்துப் பாருங்கள். அது கடகடவென ஆடினால் அறை குழலுக்கு நேராக நிற்கவில்லை என்று பொருள். தனியாரிடமிருந்து வாங்குவதாயின், விற்பவர் அதிகாரிக்கு நாற்பத்தைந்து நாள் முன்னதாக எழுத்து மூலம் அறிவித்திருக்க வேண்டும்.

நண்பருக்கு உரிமம் வந்தபின், லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியின் கடைக்கு இருவருமாகப் போனோம். கடைக்காரர் ரிவால்வரை எடுத்து, கட்டைவிரலால் தாழைத் தள்ளி, குழலைக் கீழே மடித்துத் திறந்து, ஆறு துளைகளையும் எங்களுக்குக் காட்டிய பிறகே கையில் கொடுத்தார். மடித்துத் திறக்கும் அந்த நொடியில் உருளையின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவமான தகடு ஒன்று எழும்பி, வெற்றுக் கூடுகள் ஆறையும் ஒருசேர வெளியே தள்ளுகின்ற அழகை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. குட்டை விரல் விசையில் சரியாக அமர்ந்தது. ஆயுதத்தின் வகை, விட்டம், எண் அனைத்தையும் கடைக்காரர் உரிமத்தில் பதிந்து கையொப்பமிட, மறுநாள் நண்பர் அதை அதிகாரியிடம் காட்டி ஒப்புதல் பெற்றார்.

வெளியே எடுத்துச் செல்லும்போது துப்பாக்கி உறைக்குள்ளே இருக்க வேண்டும். கலியாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுட்டால் இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லுவார்கள். ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். உரிமதாரர் காலமாகிவிட்டால் வாரிசுகள் துப்பாக்கியைப் பீரோவில் ஞாபகார்த்தமாக வைத்திருக்கலாகாது, உடனே ஒப்படைத்துவிட வேண்டும் என்பதை வீட்டாருக்கு இப்போதே சொல்லிவையுங்கள் என்றேன். அன்று மாலை அவர் வீட்டில் ரிவால்வர் சுவரில் பதித்த இரும்புப் பெட்டிக்குள் போயிற்று. தோட்டாக்கள் வேறோர் அறையில் வேறு பெட்டிக்குள் போயின. இரண்டு சாவிகளையும் அவர் தம் பூணூலில் கோத்துக்கொண்டார்.