பிரேக்குக் குழாயைக் கவனிப்போம்

ஊராட்சி ஒன்றியத்தின் ஜீப்பாயினும், காய்கறி ஏற்றி உழவர் சந்தைக்குச் செல்லும் ‘குட்டி யானை’யாயினும், குடும்பத்திற்குரிய காராயினும், அதனை நிறுத்துவது பிரேக் எண்ணெயே. ஓட்டுநர் மிதியை அழுத்தும் விசையை இவ்வெண்ணெய் இரும்புக் குழாய்களின் வழியே சக்கரத்திற்குக் கொண்டு செல்கின்றது. சக்கரமோ மேடு பள்ளங்களில் ஏறி இறங்குவது. முன்சக்கரம் இடமும் வலமும் திரும்புவது. ஆகவே, இறுதிப் பகுதியில் மட்டும் வளைந்து கொடுக்கும் ரப்பர்க் குழாய் ஒன்று அமைக்கப்படுகின்றது. மெக்கானிக்குகள் ‘பிரேக் ஓஸ்’ என்பது இதுவே. காற்றுப் பிரேக் உள்ள பெரிய லாரிகளின் அமைப்பு வேறு.

மிதியைப் பலமாக அழுத்துங்கால் இக்குழாயினுள் சதுர அங்குலத்திற்கு 1,000 பவுண்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் ஏற்படக்கூடும். கார் டயரில் நாம் அடைக்கும் காற்று சுமார் 30 பவுண்டுதான். பழைய வண்டிகள் பலவற்றில் எண்ணெய்க்கு ஒரே வழி. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரங்களும் பிரேக்கை இழந்துவிடும். பிற்கால வண்டிகளில் இரு வழிகள் உண்டு. எனினும், ஆட்களோடும் சுமையோடும் இறக்கத்தில் வரும் வண்டிக்குப் பாதி பிரேக் போதுமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெளியே தெரியும் பழுது

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கியபின் உறுதியான ஸ்டாண்டின்மீது இறக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுத்தல் ஆகாது. குழாயின் சேற்றைத் துடைத்து, சற்றே வளைத்துப் பார்த்தால் வெடிப்புகள் புலப்படும். இரும்பு முனையோடு சேரும் இடத்தை நன்கு நோக்க வேண்டும். எண்ணெய்க் கசிவு, உராய்ந்த தழும்பு, உள்நூல் வெளிப்படல் ஆகியவை கண்டால் குழாயை மாற்றியே தீரவேண்டும். ஒருவர் மிதியை அழுத்த, மற்றொருவர் பார்க்குங்கால் குழாய் எவ்விடத்திலேனும் புடைத்தாலும் அவ்வாறே. ஸ்டியரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பி, குழாய் டயரில் உரசுகின்றதா என்றும் காண்க.

வெளியே தெரியாத பழுது

வெளியே புதிது போலத் தோன்றும் குழாய், உள்ளே உப்பி அடைபடுவதும் உண்டு. அழுத்தும்போது எண்ணெய் சக்கரத்திற்குச் சென்றுவிடும். காலை எடுத்தபின் திரும்பி வர இயலாது. ஆதலின், அச்சக்கரம் பிடித்தபடியே ஓடிச் சூடேறும். வண்டி ஒருபுறம் இழுக்கும். லைனிங்கை மாற்றிப் பணத்தைச் செலவிட்டும் குறை தீராதிருப்பதற்கு இது ஒரு காரணம்.

இதனை அறிய ஒரு சோதனை உண்டு. தூக்கிய சக்கரம் மிதியை விட்டபின்னும் சுழலாவிடில், அச்சக்கரத்தின் காற்று நீக்கும் திருகைச் சிறிது தளர்த்துக. எண்ணெய் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால், அழுத்தம் திரும்பாமல் தங்கியிருந்தது என்பது தெளிவு. அந்த ஒரு சக்கரத்தில் மட்டும் இவ்வாறாயின் குழாயையே முதலில் ஐயுற வேண்டும். அப்போதும் விடுபடாவிடில் பழுது சக்கரத்திலுள்ள பிரேக் அமைப்பில் இருக்கலாம்.

மாற்றும் முறை

ஒரே அச்சின் இருபுறக் குழாய்களையும் சேர்த்தே மாற்றுதல் நன்று. இரண்டும் ஒரே வயதின அல்லவா? வண்டியின் மாதிரிக்கு உரிய நீளமுள்ள குழாயையே வாங்குக. இரும்புக் குழாயின் நட்டைக் கழற்றுங்கால் ரப்பர்க் குழாயின் முனையை மற்றொரு ஸ்பானரால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் இரும்புக் குழாய் முறுகி உடையும். செப்பு வாஷர்கள் உள்ள இடத்தில் புதியனவற்றையே இடுக. புதிய குழாய் முறுக்கின்றி அமைய வேண்டும்.

பின்னர், வண்டித் தயாரிப்பாளரின் கையேடு கூறும் வரிசையில் ஒவ்வொரு சக்கரத்திலும் காற்றை நீக்குக. அவ்வேளையில் எண்ணெய்க் கிண்ணம் வற்றலாகாது. எண்ணெய் எவ்வகையென்பது கிண்ணத்தின் மூடியிலேயே குறிக்கப்பட்டிருக்கும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதாதலால், நெடுநாள் திறந்து கிடந்த டப்பாவிலிருந்து ஊற்றுதல் கூடாது. இன்ஜின் ஆயில் ஒரு துளி கலந்தாலும் ரப்பர் உறுப்புகள் உப்பிக் கெடும். முடிவில் மிதியை ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடித்து, இணைப்புகளில் கசிவு இல்லையென உறுதி செய்தபின், ஆளற்ற இடத்தில் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். பழக்கமில்லாதார் இவ்வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே முறை.

நமது கடமை

கசியும் குழாயின் வழியை அடைத்துவிட்டு, மூன்று சக்கரப் பிரேக்குடன் வண்டியை ஓட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இது பெருந்தவறு. ஊராட்சி உறுப்பினர்கள் பொது வண்டியின் பதிவேட்டில் பிரேக்குக் குழாய்ச் சோதனைக்கெனத் தனிப் பத்தி ஒன்று ஏற்படுத்தி, ஆறு திங்களுக்கு ஒருமுறை அதனை நிரப்பச் செய்யலாம். விளைபொருளுக்கு வண்டி அமர்த்தும் உழவர்களும் வாடகை பேசுமுன் பிரேக்கைப் பற்றிக் கேட்பது நலம். மாட்டை ஏரில் பூட்டுமுன் நுகத்தடியையும் கயிற்றையும் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிய பழக்கமன்று. ஓர் அடி ரப்பர்க் குழாயின் விலை சிறிது. அதனை நம்பி வண்டியேறும் உயிர்களோ பல.