மதர்போர்டு வாங்கப் போறீங்களா? கடல் காத்தையும் கணக்குல சேர்த்துக்கோங்க!

பிராசஸர் எது, கிராபிக்ஸ் கார்டு எது என்று பத்து நாள் யூடியூபில் அலசுவோம். மதர்போர்டு என்று வரும்போது மட்டும், 'மிச்சம் இருக்கிற காசுக்கு ஏதாவது ஒண்ணு போடுங்கண்ணே' என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுவோம். ஆனால், பாதி புராஜெக்ட்டில் நீலத் திரை வந்து நிற்பது, காரணமே இல்லாமல் ரீஸ்டார்ட் ஆவது போன்ற தொல்லைகளுக்கு இந்த 'ஏதாவது ஒண்ணு' பலமுறை காரணமாகிவிடுகிறது. பிராசஸரையோ ரேமையோ பிறகு மாற்றலாம். மதர்போர்டு போனால் மொத்தத்தையும் பிரிக்கணும்!

கருவடிக்குப்பம் கணக்கே வேற!

பாரதியாரின் 'குயில் பாட்டு' பிறந்த தோப்பு இருந்த ஊர் என்று புதுச்சேரியின் கருவடிக்குப்பத்தைச் சொல்வார்கள். கிழக்கே கொஞ்ச தூரத்தில் கடல். ஜன்னலைத் திறந்தால் சிலுசிலுவென காற்று வரும். கூடவே உப்பும் வரும்.

மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி நசநசவென்று ஆவதைப் பார்த்திருப்பீங்க. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டினால், உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். மதர்போர்டு மேல் தூசியோடு படிந்த உப்பும் இதையேதான் செய்யும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். கனெக்டர்கள் அரிக்கும், ரேம் ஸ்லாட்டில் தொடர்பு விட்டுவிட்டு வரும். புதுச்சேரிக்கு மட்டுமல்ல, நாகை, தூத்துக்குடி, சென்னை பெசன்ட் நகர் வீடுகளுக்கும் இதே கதைதான்.

முதல்ல பவர் சப்ளையைப் பாருங்க

எஸ்.எம்.பி.எஸ்-ஸிலிருந்து போர்டுக்கு வருவது 12 வோல்ட். பிராசஸருக்குத் தேவையோ சுமார் 1.2 வோல்ட். இடையில் இறக்கிக் கொடுப்பது வி.ஆர்.எம் எனும் பகுதி. இன்டெல் ஐ5-12400 முழு வேகத்தில் 117 வாட் வரை இழுக்கும். 1.2 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 100 ஆம்பியர். வீட்டில் ஓடும் ஒன்றரை டன் ஏசி இழுப்பதே 7, 8 ஆம்பியர்தான்!

இந்தச் சுமையில் வி.ஆர்.எம் கொதிக்கும். அதனால், பிராசஸர் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் அலுமினிய ஹீட்சிங்க் இருக்கிற போர்டை எடுங்க. மே மாத வெயிலில் ஏசி இல்லாத ரூம் என்றால் இது கட்டாயம். கெபாசிட்டர்கள் 'சாலிட்' வகையா என்றும் பாருங்க. திரவ வகை கெபாசிட்டரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடும்போதெல்லாம் ஏறக்குறைய பாதியாகும்.

எந்த சிப்செட்?

படிப்பு, ஆபீஸ் வேலை, லேசான கேமிங் என்றால் இன்டெலில் ஹெச்610 போதும். எடிட்டிங் செய்பவர்கள், பிறகு பெரிய பிராசஸருக்கு மாற நினைப்பவர்கள் பி760 பக்கம் போகலாம். ஏ.எம்.டி-யில் பி650 நல்ல நடுவழி. 2022-ல் வந்த ஏ.எம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று ஏ.எம்.டி சொல்லியிருக்கிறது. ஓவர்க்ளாக் பண்ற எண்ணம் இல்லையா? 'இசட்' வரிசைக்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

ஹெச்61, ஹெச்81 போர்டுகள் புதுப்பெட்டியில் மலிவாகக் கிடைக்கும். அவை 10 வருஷத்துக்கும் மேல் பழைய தொழில்நுட்பம். அவற்றில் ஓடும் பிராசஸர்கள் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாதவை. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது.

பயாஸ் அப்டேட் வருதா?

இன்டெலின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சில, தேவைக்கு மேல் வோல்டேஜ் வாங்கிப் பழுதாயின. அதைத் தடுக்கும் திருத்தம் 2024 ஆகஸ்ட்டில் பயாஸ் அப்டேட்டாகத்தான் வந்தது. 2023-ல் ரைசன் எக்ஸ்3டி பிராசஸர்கள் சில கருகியபோதும், வோல்டேஜுக்கு 1.3 என்று வரம்பு போட்டது பயாஸ்தான். எனவே, வாங்கும் முன் அந்த மாடலின் சப்போர்ட் பக்கத்தை போனில் திறந்து, கடைசி அப்டேட் தேதியைப் பாருங்க. ரெண்டு வருஷமாக எதுவும் வரவில்லையா? வேறு மாடல் தேடுங்க.

அதே பக்கத்தில், சோதித்துப் பார்த்த ரேம்களின் பட்டியலும் இருக்கும். அதில் உள்ள ரேமையே, ஒரே பாக்கெட்டில் வரும் ஜோடியாக வாங்குவது நல்லது. நான்கு ஸ்லாட் போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி 2, 4-ல் போடுங்க. நான்கையும் நிரப்பினால் வேகம் குறையும். ரைசன் 7000-ல் அதிகாரபூர்வ வேகம் 5200-லிருந்து 3600-க்கு இறங்கிவிடும். இன்னொன்று, ஏ.எம்5-ல் முதல்முறை ஆன் செய்ததும் சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கலாம். பதறி ஸ்விட்சை அணைக்காதீங்க, அது ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு...

2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இப்படிப்பட்ட ஊரில் சில பழக்கங்கள் அவசியம்.

* சி.பி.யூ-வைத் தரையில் வைக்காதீங்க, கடல் பக்க ஜன்னலுக்கு நேராகவும் வேண்டாம்.

* மழைக்காலத்தில் தினமும் அரை மணி நேரமாவது ஓட விடுங்க. உள்சூடு ஈரத்தை விரட்டும்.

* மாதம் ஒருமுறை கரன்ட்டைத் துண்டித்துவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுங்க.

* யூ.பி.எஸ்-ஸும், வீட்டு பிளக்கில் சரியான எர்த்தும் கட்டாயம்.

* இடி, புயல் எச்சரிக்கை வந்தால் பிளக்கோடு லேன் கேபிளையும் கழற்றிடுங்க.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் பக்கத்தில் சர்வீஸ் சென்டர் எங்கே என்று முதலில் கேளுங்க. பெரும்பாலும் 3 வருஷ வாரன்ட்டி இருக்கும். ஆனால் துரு, ஈரம், வளைந்த பின்கள் எல்லாம் பொதுவாக அதில் வராது. பெட்டியைத் திறக்கும்போதே சாக்கெட்டை வீடியோ எடுத்து வைங்க. அசெம்பிள் செய்த முதல் இரவே மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளை ஓட விடுங்க. காலையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும், மாற்றித்தரும் காலம் முடிவதற்குள் கடைக்குக் கிளம்பிடுங்க!