காருக்குள் கைத்துப்பாக்கி

கோவையிலிருந்து பாலக்காடு ரோட்டில் முக்கால் மணி நேரம் வண்டி ஓட்டினால் வாளையார். இடுப்பில் ரிவால்வரோடு போகிறவர், அங்கே வண்டியை ஓரங்கட்டித் தன் கன் லைசென்ஸை ஒருமுறை பிரித்துப் படிப்பது நல்லது. அது செல்லுபடியாகும் பகுதி 'தமிழ்நாடு' என்று மட்டும் போட்டிருந்தால், செக்போஸ்ட்டைத் தாண்டியதும் அவர் கையில் இருப்பது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. 'இந்தியா முழுவதும்' என்று இருந்தால் தொல்லையில்லை. பொள்ளாச்சிக்காரருக்குக் கோபாலபுரம், மீனாட்சிபுரம். இன்னொரு பக்கம் வேலந்தாவளம். தாளவாடிக்காரருக்குக் கர்நாடகம் கூப்பிடு தூரம். தேங்காய் பேரம் பேசவும் சம்பந்தி வீட்டு விசேஷத்துக்கும் மாநில எல்லையைத் தாண்டிப் போய்விட்டு மாலையில் வீடு திரும்புகிற ஊர்கள் இவை. காருக்குள் துப்பாக்கி என்ற விஷயம் இங்கே எல்லைக்கோட்டிலிருந்தே தொடங்கிவிடுகிறது.

கொங்கு நாட்டில் கைத்துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். பணம் எடுத்துப் போகும் மில் முதலாளி, நகை வியாபாரி, வால்பாறைப் பக்கத்து எஸ்டேட்காரர், ரைபிள் கிளப்பில் பயிற்சி எடுக்கும் இளைஞர் என்று ஒரு சிறு கூட்டம். காட்டுப்பன்றிக்குப் பயந்து விவசாயி வைத்திருக்கும் நீளத் துப்பாக்கி வேறு கதை. கைத்துப்பாக்கிக்காரர்கள் பெரும்பாலும் காரில் போகிறவர்கள். அதனால் எல்லோருக்கும் ஒரே கேள்வி வருகிறது: இறங்கிப் போகும்போது இதை எங்கே வைப்பது?

அமெரிக்காவில் பல மாநிலங்களில் 'காரில் துப்பாக்கியை எப்படி வைக்க வேண்டும்' என்று தனிச் சட்டமே உண்டு. இங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும்தான். பொது இடத்தில் கைத்துப்பாக்கியை எப்படி எடுத்துப் போவது என்று அந்த விதிகள் சொல்கின்றன. உடம்போடு மாட்டிய உறையில் இருக்க வேண்டும், அல்லது முதுகுப்பை போன்ற பைக்குள் இருக்க வேண்டும். வெளியே துளியும் தெரியக் கூடாது. வைத்திருப்பவரின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். மீறினால் லைசென்ஸ் ரத்து, துப்பாக்கி பறிமுதல். டேஷ்போர்டு, டிக்கி, சீட்டின் அடி என்று எந்தப் பேச்சும் அதில் இல்லை. இதை நான் புரிந்துகொள்வது இப்படி: துப்பாக்கி உரிமையாளரின் உடம்பில் இருக்கலாம், வீட்டில் பூட்டி வைத்த பெட்டகத்தில் இருக்கலாம். கார் அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வழி மட்டுமே.

நம்மூரில் ஆள் மாட்டிக்கொள்வது அந்த வழியில்தான். கல்யாண மண்டபத்து வாசலில் கார் நிற்கிறது. இடுப்பில் துப்பாக்கியோடு பந்தியில் உட்கார முடியாது என்று முதலாளி அதை டேஷ்போர்டில் வைத்து, "பாத்துக்கப்பா" என்று சாவியை டிரைவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போகிறார். அந்த நிமிடத்தில் துப்பாக்கி யார் கையில் இருக்கிறது? லைசென்ஸ் இல்லாத டிரைவர் கையில். சட்டம் ஒரு சின்ன விலக்குத் தருகிறது. லைசென்ஸ்காரர் கூடவே இருக்கும்போதோ, அவர் எழுதிக் கொடுத்த அனுமதியோடோ, பழுதுபார்க்கவும் லைசென்ஸ் புதுப்பிக்கவும் அவருடைய பயன்பாட்டுக்காகவும் இன்னொருவர் அதை எடுத்துச் செல்லலாம். முதலாளி சாப்பிட்டு வரும்வரை காவல் இருப்பது இதில் அடங்கும் என்று வாதாடலாம். ஆனால் வாய்வார்த்தை எழுத்து அனுமதி ஆகாது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகம் போனால் 5 ஆண்டு சிறை. மாதச் சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிற ஒருவரை அந்த இடத்தில் நிறுத்துவது அநியாயம் என்பது என் கருத்து.

துப்பாக்கி டிரைவர் கையில் இருக்கும்போது முதலாளியின் பொறுப்பு தீர்ந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. 1972இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 'வைத்திருத்தல்' என்பதற்கு விளக்கம் சொன்னது. பொருள் இன்னொருவர் கையில் இருந்தாலும், அதன் மேல் அதிகாரமும் கட்டுப்பாடும் ஒருவருக்கு இருந்து, அது அங்கே இருப்பதும் அவருக்குத் தெரிந்திருந்தால், அவரும் வைத்திருப்பவரே. ஓட்டல் வாசலில் வேலட் பையனிடம் சாவி கொடுப்பதும், சர்வீஸ் சென்டரிலும் வாட்டர் வாஷிலும் வண்டியை விட்டுவிட்டு வருவதும் இதே கணக்கில்தான் வரும்.

சரி, பெட்ரோல் பங்கில் இறங்கவேண்டியிருக்கிறது, கோர்ட்டுக்குள் ஒரு கையெழுத்துப் போடவேண்டியிருக்கிறது. கொஞ்ச நேரத்துக்காவது காரில் விட்டே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால்? முதல் வேலை தோட்டாவை வெளியே எடுப்பது. அதற்குக் கருவியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தியாவில் சாதாரணக் குடிமக்களுக்கு .38, .455, 9 மி.மீ. போன்ற அளவுகள் தடை செய்யப்பட்டவை. அதனால் லைசென்ஸ் துப்பாக்கி என்றாலே பெரும்பாலும் .32 அளவுதான். பலரிடம் இருப்பது கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையில் செய்த ஆறு குண்டு ரிவால்வர். 2014இல் பெண்களுக்கென்று அறிமுகமான, அரைக் கிலோ எடையுள்ள 'நிர்பீக்' அதன் தங்கை. இரண்டும் பழைய வெப்லி ரிவால்வரின் வழி வந்தவை. நடுவில் மடிந்து திறக்கும். பக்கவாட்டுத் தாழ்ப்பாளைக் கட்டை விரலால் அமுக்கிக் குழலைக் கீழே சாய்த்தால், சிலிண்டரின் பின்பக்கம் முழுசாக மேலே தெரியும். அதே அசைவில் நட்சத்திர வடிவத் தகடு ஒன்று எழும்பி ஆறு தோட்டாக்களையும் தூக்கிக் கொடுக்கும். உள்ளங்கையில் கொட்டி எண்ண வேண்டும். பிறகு ஆறு துளைகளிலும் வெளிச்சம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மடித்துத் திறந்த நிலையிலேயே ஒரு பூட்டுக் கேபிளைக் குழல் வழியாக விட்டுப் பூட்டினால் அது மறுபடி மூடாது. மூடாத ரிவால்வர் சுடவும் சுடாது.

பிஸ்டல் வேறு ரகம், ஏமாற்றுவதும் அதுதான். பிடியிலிருந்து மேகசீனை உருவியதும் 'காலி' என்று நினைக்கிறோம். ஆனால் சேம்பரில் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கலாம். மேகசீனை எடுத்த பிறகு ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பிடித்து, கண்ணால் பார்த்து, சுண்டுவிரலால் தொட்டும் பார்க்க வேண்டும். வரிசை முக்கியம். முதலில் ஸ்லைடை இழுத்துவிட்டு அப்புறம் மேகசீனை எடுத்தால், ஸ்லைடு திரும்பும்போது அடுத்த தோட்டாவைத் தானே உள்ளே தள்ளிவிடும்.

அடுத்தது பெட்டி. டேஷ்போர்டின் பூட்டு ஒரு பிளாஸ்டிக் நாக்கு, திருப்புளி போதும். சீட்டின் அடியில் போட்டால் பிரேக் போடும்போது முன்னால் சறுக்கிக் காலடிக்கு வரும். டிக்கியில் பூட்டுள்ள இரும்புப் பெட்டி ஒன்றுதான் ஓரளவு நம்பத் தக்கது. கோவையில் இதற்கு வெளிநாட்டுப் பெட்டிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் எந்த வெல்டிங் பட்டறையிலும் 2 மி.மீ. தகட்டில் செய்து தருவார்கள். மூன்றைச் சொல்லிச் செய்யுங்கள். மூடியின் விளிம்பு பெட்டிக்குள் மடிந்து இறங்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பியைச் சொருகி நெம்பிவிடலாம். கீல் வெளியே தெரியக் கூடாது. போல்ட்டுகளைப் பெட்டியைத் திறந்தால் மட்டுமே கழற்ற முடிகிற மாதிரி உள்ளிருந்து மாட்ட வேண்டும். கார்த் தரைத் தகடு மெல்லியது. அடியில் அகலமான இரும்புப் பட்டை கொடுக்காவிட்டால் பெட்டி தகட்டையும் பிய்த்துக்கொண்டு வரும். துளை போடுமுன் பெட்ரோல் டேங்க், சிஎன்ஜி சிலிண்டர், ஒயரிங் எங்கே ஓடுகிறது என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கைரேகைப் பூட்டு கவர்ச்சியாக இருக்கும். வெயிலில் அதன் பேட்டரி எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது. நம்பர் அமுக்கும் மெக்கானிக்கல் பூட்டே போதும். பெட்டியில் துப்பாக்கி, தோட்டா உங்கள் சட்டைப் பையில். மண்டப வாசலில் நின்றுகொண்டு பத்துப் பேர் பார்க்கப் பெட்டிக்கு மாற்றாதீர்கள். கிளம்பும் இடத்திலேயே முடித்துவிடுங்கள். பெட்டிச் சாவி கார்ச் சாவிக்கொத்தில் தொங்கக் கூடாது.

"காசு கீழே விழுந்து கிடக்குதுங்க" என்று சொல்லிக் கவனத்தைத் திருப்பிவிட்டுக் காரிலிருந்து பையைத் தூக்கும் கும்பலைப் பற்றி நம் பேப்பர்களில் படிக்கிறோம். பணப்பை போனால் பணத்தோடு போயிற்று. துப்பாக்கி போனால் கதையே வேறு. 2015 ஜூன் கடைசியில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில், நிறுத்தி வைத்த காரிலிருந்து ஒரு பை திருடு போனது. காரின் சொந்தக்காரர் மத்திய அரசின் நில நிர்வாகத் துறை அதிகாரி. பைக்குள் அவருடைய பிஸ்டல் இருந்தது. சில நாட்களில், ஜூலை 1 அன்று, கடற்கரைத் துறைமுக மேடையில் தந்தையோடு நடந்து போய்க்கொண்டிருந்த இளம்பெண் ஒருவர் அதே பிஸ்டலின் குண்டு பட்டு இறந்தார். குண்டு தரையில் பட்டுத் தெறித்து வந்து தாக்கியது. போலீஸ் அதிகாரிகளானாலும் காரில் விடும் கைத்துப்பாக்கியை டிக்கியிலோ பூட்டிய பெட்டியிலோ பார்வைக்கு மறைவாக வைக்க வேண்டும் என்று கலிபோர்னியா அடுத்த ஆண்டே சட்டம் போட்டது. இங்கே துப்பாக்கி காணாமல் போனால் உடனே பக்கத்துக் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும் என்பது லைசென்ஸின் நிபந்தனை. 'வீட்டில் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம்' என்று ஒருநாள் தள்ளினால் அந்த ஒருநாளுக்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

வெயிலில் தோட்டா வெடிக்குமா என்று பலர் கேட்பதுண்டு. வெடிக்காது. வெளியே நிற்கும் காரின் உட்புறம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் கூடும் என்று அமெரிக்க மருத்துவர்கள் 2005இல் அளந்து வெளியிட்டார்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. நம் ஏப்ரல் வெயிலில் அது 58 டிகிரியைத் தொடும். தோட்டாவிலிருக்கும் புகையில்லா வெடிமருந்து பற்றிக்கொள்ள 150 டிகிரிக்கு மேல் வேண்டும். குன்னூரை அடுத்த அரவங்காட்டுக் கார்டைட் தொழிற்சாலை நூறாண்டுக்கு மேலாகச் செய்துவருவது இந்த ரக மருந்தைத்தான். சூடு அதை வெடிக்க வைக்காவிட்டாலும், நாள்பட அதன் தரத்தைக் கெடுக்கும். மழைக்கால வால்பாறையில் பிரச்சினை தலைகீழ். தோல் உறை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். அதற்குள் கிடக்கும் ரிவால்வரில் சீக்கிரமே துரு பிடிக்கும். பெட்டியில் வைக்கும்போது உறையிலிருந்து எடுத்து, எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள்.

சில இடங்களுக்குப் போகும்போது பெட்டியே வேண்டாம், துப்பாக்கியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். திருவிழா, சாமி ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிலைய வளாகம் ஆகியவற்றுக்குள் தனி அனுமதி இல்லாமல் ஆயுதம் வரக் கூடாது என்பது பொதுவான லைசென்ஸ் நிபந்தனை. கோனியம்மன் தேருக்கும் பண்ணாரி குண்டத்துக்கும் போகிறவருக்கு இது தெரிந்தே இருக்கும். காலையில் பிள்ளையைப் பள்ளி வளாகத்துக்குள் கொண்டுபோய் இறக்கிவிடும் அப்பாவுக்குத் தெரிந்திருக்காது. அடுத்தது காடு. வன உயிரினச் சரணாலயத்துக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அவர் அதிகாரம் கொடுத்தவரின் எழுத்து அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழையக் கூடாது என்கிறது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவும் சத்தியமங்கலம் காட்டுக்குள்தான் போகின்றன. இரவில் வண்டிகளுக்குத் தடை வந்த பிறகு அங்கே சோதனையும் கூடிவிட்டது. ஆயுதத்தோடு அந்த வழியில் போக வேண்டியவர் முன்கூட்டியே வனத்துறையிடம் கேட்டுவிட்டுக் கிளம்புவதுதான் சரி. பீளமேடு விமான நிலையத்துக்குப் போகிறவர் பையின் ஓர அறைகளையும் தட்டிப் பார்க்க வேண்டும். பயிற்சிக்குப் போய் வந்த பையில் தங்கிவிட்ட ஒற்றைத் தோட்டா ஸ்கேனரில் தெரிந்தால் விமானம் பறந்துவிடும், நீங்கள் காவல் நிலையத்தில் இருப்பீர்கள்.

தேர்தல் வந்தால் கணக்கு மாறும். அறிவிப்பு வெளியானதும் கலெக்டரும் போலீஸ் அதிகாரியும் அடங்கிய குழு, யாருடைய துப்பாக்கியைத் திரும்பப் பெறுவது என்று முடிவு செய்யும். வங்கிக் காவலர்களுக்கும் போட்டிகளில் கலந்துகொள்ளும் துப்பாக்கி வீரர்களுக்கும் விலக்கு உண்டு. முடிவு வெளியாகி ஒரு வாரம் கழித்துத் திருப்பித் தருவார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் மார்ச் 16 அறிவிப்பு, ஜூன் 4 முடிவு. மூன்று மாதத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஈரோடு கிழக்குத் தொகுதிக்காரர்கள் 2023 பிப்ரவரியிலும் 2025 பிப்ரவரியிலும் இடைத்தேர்தலையும் பார்த்தார்கள். ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வந்த பிறகு, 'காரில்தானே இருக்கிறது' என்று விட்டுவிட்டால், டிக்கியைத் திறக்கச் சொல்லும் பறக்கும் படை முதலில் காண்பது அந்த இரும்புப் பெட்டியைத்தான்.

ஊருக்குப் போய் நாலு நாள் தங்குகிறவர்கள் துப்பாக்கியைக் கூடவே சுமக்க வேண்டியதில்லை. காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாமா என்று கிளம்புமுன் கேட்டுப் பாருங்கள். லைசென்ஸ் இப்போது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அடுத்த முறை கலெக்டர் அலுவலகத்துக்கோ, மாநகரத்தில் கமிஷனர் அலுவலகத்துக்கோ போகும்போது, செல்லுபடியாகும் பகுதி, வைத்திருக்கக்கூடிய தோட்டா எண்ணிக்கை, கடைசிப் பக்கத்து நிபந்தனைகள் ஆகிய மூன்றையும் அங்கேயே உட்கார்ந்து படியுங்கள். புரியாததை அந்த மேசையிலேயே கேட்டுவிடுங்கள்.