குட்டிகள் நடுவில் நடந்தனவா?

டெக்சாஸ் மாநிலத்தின் டேவன்போர்ட் பண்ணையில், சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் ஈரமண்ணில் பதிந்த 23 சாரோபாட் டைனோசர்களின் தடங்கள் ஒரே பக்கமாகப் போகின்றன. குட்டிகள் நடுவிலும் பெரியவை காவலாகச் சுற்றிலும் நடந்தன என்றார் தொல்லுயிரியலாளர் ராபர்ட் பேக்கர். ஓநாய்களைக் கண்டால் கஸ்தூரி எருதுகள் கொம்பை வெளிப்பக்கம் நீட்டி வட்டம் கட்டுமே, அதுபோல! ஓவியர்கள் கொம்புள்ள டைனோசரான ட்ரைசெராடாப்ஸையும் அப்படியே வரைந்தார்கள். அதற்குப் புதைபடிவச் சான்று கிடையாது.

பின்னர் தொல்லுயிரியலாளர் மார்ட்டின் லாக்லி டேவன்போர்ட் தடங்களை ஆராய்ந்தார். பெரிய தடங்களின் மேலேயே சிறிய பாதங்கள் மிதித்திருந்தன. சிறியவை பின்னால்தான் வந்திருக்கின்றன. மந்தையாகப் போனது உண்மையாக இருக்கலாம். காவல் வளையம் நம் கற்பனை.

இந்தத் தடங்களின் வரைபடத்தில், பெரிய குழிக்குள் பதிந்த சிறு தடத்தைத் தேடிப் பாருங்கள்.