பேச்சும் நடையும் தாமதமாகும் குழந்தைக்கு ஆரம்பகால இடையீடு

வளர்ச்சித் தாமதம் என்பது, தன் வயதொத்த பிள்ளைகளில் பெரும்பாலோர் செய்யும் செயல்களை ஒரு குழந்தை இன்னும் செய்யாதிருக்கும் நிலை. கழுத்து நிற்பது, உட்காருவது, நடப்பது ஆகியவை பெருந்தசைகளின் வேலை. விரலால் எடுப்பதும் பிடிப்பதும் நுண்தசைகளின் வேலை. இவற்றோடு பேச்சும் புரிதலும், முகம் பார்த்து உறவாடுவது, கற்றல் திறன் எனப் பல துறைகளில் குழந்தையின் வளர்ச்சி அளக்கப்படுகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துறைகளில் கணிசமான பின்னடைவு இருந்தால், அதை மருத்துவர்கள் ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம் என்கிறார்கள்.

தாமதம் ஓர் அறிகுறி; நோயின் பெயர் அல்ல. குறைப்பிரசவம், பிறக்கும்போது மூச்சுத்திணறல், கடும் மஞ்சள் காமாலை, மூளைத் தொற்று, மரபணுக் கோளாறு, காது கேளாமை, தைராய்டு சுரப்புக் குறைவு எனக் காரணங்கள் பல. எல்லாப் பரிசோதனையும் செய்த பிறகும் காரணம் தெரியாத குழந்தைகளும் உண்டு. காரணம் தெரியட்டும், நோய்க்குப் பெயர் கிடைக்கட்டும் என்று பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. முதல் மூன்று ஆண்டுகளில் மூளையின் நரம்பிணைப்புகள் மிக வேகமாக உருவாகின்றன. பார்ப்பதும் கேட்பதும் தொடுவதும் அவற்றை வலுப்படுத்துகின்றன. அந்த வயதிலேயே பயிற்சியைத் தொடங்குவதுதான் ஆரம்பகால இடையீடு.

எப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும்

குழந்தையின் வளர்ச்சிப் படிகளைத் தமிழ் மரபு நெடுங்காலமாகக் கவனித்து வந்திருக்கிறது. பிள்ளைத்தமிழின் பருவங்களில் செங்கீரை என்பது கையூன்றித் தலைநிமிர்ந்து ஆடும் பருவம். சப்பாணி கைகொட்டும் பருவம். வருகை தளர்நடையிட்டு வரும் பருவம். இன்றைய மருத்துவம் இந்தப் படிகளுக்குக் கால எல்லை வகுத்திருக்கிறது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் குழந்தைகளைக் கொண்டு உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வின்படி, பிடிமானமின்றி உட்காரும் காலம் ஏறத்தாழ 4 முதல் 9 மாதம். தனியே நடக்கும் காலம் 8 முதல் 17½ மாதம். ஆகவே 14 மாதத்தில் நடக்காத குழந்தையை எண்ணிக் கலங்க வேண்டியதில்லை. 18 மாதத்திலும் நடக்காவிட்டால் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

பேச்சுக்கும் இத்தகைய எல்லைகள் உண்டு. ஒரு வயதில் மழலை ஒலியோ, கைநீட்டிக் காட்டுவதோ இல்லாதது, 16 மாதத்தில் ஒரு சொல்கூட வராதது, இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லாதது, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். பேசிவந்த சொற்களையோ செய்துவந்த செயலையோ குழந்தை இழந்தால், எந்த வயதானாலும் உடனே காட்ட வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இரண்டு வயது வரை திருத்திய வயதே கணக்கு. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தையைப் பத்தாம் மாதத்தில் எட்டு மாதக் குழந்தையோடுதான் ஒப்பிட வேண்டும்.

"அவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் சொல்வது வழக்கம். தாமதமாகப் பேசத் தொடங்கி, பிறகு மற்றவர்களை எட்டிப் பிடிக்கும் குழந்தைகள் இருப்பது உண்மை. ஆனால் எந்தக் குழந்தை எட்டிப் பிடிக்கும் என்பது இரண்டு வயதில் எவர் கண்ணுக்கும் தெரியாது. மதிப்பீடு செய்துகொள்வதால் கெடுவது ஒன்றுமில்லை. காத்திருப்பதில் கழியும் ஓராண்டோ திரும்ப வராது.

சேவை கிடைக்கும் இடங்கள்

ஆர்.பி.எஸ்.கே. எனப்படும் சிறார் நலத் திட்டம் 2013இல் நாடு முழுவதும் தொடங்கப்பட்டது. இதன்படி நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளில் ஆண்டுக்கு இருமுறை குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். தாமதம் இருப்பதாகத் தோன்றும் குழந்தைகளை மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். தமிழ்நாட்டில் இம்மையங்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இயங்குகின்றன. சேவைக்குக் கட்டணம் இல்லை. அங்கன்வாடிப் பரிசோதனைக்குக் காத்திராமல், ஐயம் எழுந்ததுமே பெற்றோர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவை அணுகலாம்.

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் செயல்படுகிறது. 1981இல் தொடங்கப்பட்ட தென்காசி மாவட்டம் ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம், பணியாளர்களைக் கிராமத்து வீடுகளுக்கே அனுப்பிப் பயிற்சி அளிக்கிறது. நகரத்து மையத்துக்கு வாரந்தோறும் பேருந்தில் குழந்தையைத் தூக்கிச் செல்ல முடியாத குடும்பங்களுக்கு இம்முறை பெரிய துணை.

மதிப்பீடு

பேச்சு தாமதமானால் முதலில் செய்ய வேண்டியது செவித்திறன் பரிசோதனை. டப்பா விழும் சத்தத்துக்குத் திரும்பும் குழந்தைக்கும் பேச்சொலிகள் தெளிவாகக் கேட்காமல் இருக்கலாம். பார்வையும் தைராய்டும் சோதிக்கப்பட வேண்டும். தைராய்டு குறைவு விரைவில் சிகிச்சை தந்தால் பாதிப்பைத் தடுக்கக்கூடிய காரணம். கேரளத்தில் உருவான திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டவணை போன்ற எளிய கருவிகள் தாமதம் இருக்கலாம் என்பதைச் சுட்டும். பிறகு விரிவான மதிப்பீட்டைக் குழந்தைநல மருத்துவர், உளவியலாளர், பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர் ஆகியோர் சேர்ந்து செய்வார்கள்.

மதிப்பீட்டின் முடிவில் பெற்றோர் கையில் இருக்க வேண்டியது, அடுத்த மூன்று மாதத்துக்கான சில சிறிய இலக்குகள். "பேச வேண்டும்" என்பது இலக்காகாது. "தண்ணீர் வேண்டும்போது தம்ளரைக் கைகாட்ட வேண்டும்" என்பது இலக்கு. எட்டினோமா இல்லையா என்பதை வீட்டிலேயே பார்த்துவிட முடியும்.

பயிற்சியின் களம் வீடு

வாரத்தில் ஓரிரு மணி நேரம் மட்டுமே குழந்தை பயிற்சியாளரோடு இருக்கிறது. விழித்திருக்கும் மற்ற நேரமெல்லாம் வீட்டாரோடு. அதனால் பயிற்சியாளரின் முதன்மையான பணி பெற்றோருக்குக் கற்றுத்தருவதே. பயிற்சி நடக்கும்போது பெற்றோர் அறைக்கு வெளியே உட்காராமல், உள்ளே இருந்து பார்த்து, தாமும் ஒருமுறை செய்துகாட்டித் திருத்தம் பெறுவது நல்லது.

இதற்கென்று தனி நேரமோ விலையுயர்ந்த பொம்மையோ தேவையில்லை. குளிப்பாட்டும்போது கை, கால், வயிறு என்று தொட்டுத் தொட்டுச் சொல்லலாம். சாப்பிடும் நேரத்தில் இட்லியையும் வாழைப்பழத்தையும் காட்டி, "எது வேணும்?" என்று கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருக்கலாம். அந்த மௌனத்தில்தான் பல குழந்தைகள் கைநீட்டவும் ஒலியெழுப்பவும் முயல்கின்றன. கேட்குமுன்பே கையில் கொடுத்துவிட்டால் அந்த முயற்சிக்கு இடமில்லை. குழந்தை "பா" என்றால், "பால், சூடான பால்" என்று ஒரு படி கூட்டிச் சொல்ல வேண்டும். "சரியாச் சொல்லு" என்று வற்புறுத்தினால் பேச்சு தயங்கும். தட்டில் சிதறிய பொரியைப் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது ஒவ்வொன்றாக எடுப்பது விரல்களுக்குப் பயிற்சி. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையைத் தூக்கும், உட்காரவைக்கும், ஊட்டும் முறைகளைப் பயிற்சியாளரிடம் கேட்டறிய வேண்டும். படுத்த நிலையில் ஊட்டினால் புரையேறும்.

வீட்டில் தமிழ் பேசுவதாலோ இரு மொழிகள் புழங்குவதாலோ பேச்சு தாமதமாவதில்லை. பெற்றோர் தமக்கு நன்றாக வரும் மொழியில் பேசுவதே குழந்தைக்கு நல்லது. இரண்டு வயதுக்குள் கைபேசித் திரையைத் தவிர்ப்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 பரிந்துரையை ஒட்டியது. பேச்சையும் உறவாடலையும் பாதிக்கும் வளர்ச்சிக் குறைபாடான ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பயன் தருவதற்குச் சான்று இல்லை; அதற்காக நகையை அடகுவைக்கும் நிலைக்கு எந்தக் குடும்பமும் தள்ளப்படக் கூடாது.

குடும்பத்தின் சுமை

பயிற்சியும் பயணமும் பெரும்பாலும் தாயின் தோளில் விழுகின்றன. கர்ப்ப காலத்தில் அதைச் சாப்பிட்டாள், இதைச் செய்தாள் என்ற பழியும் அவள் மேலேயே விழுகிறது. இந்தப் பழிக்கு மருத்துவ அடிப்படை இல்லை. மாலைக் குளியலைத் தந்தையும், கதை சொல்வதைப் பாட்டியும் ஏற்றுக்கொண்டால் குழந்தைக்குப் பயிற்சி கூடும், தாய்க்குத் தூக்கம் கிடைக்கும். தூக்கமின்மையும் ஓயாத அழுகையும் தாயை வாட்டினால் அவருக்கும் மருத்துவ உதவி வேண்டும்.

சான்றிதழும் உதவிகளும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. சிறு குழந்தைகளுக்குப் பொதுவாகத் தற்காலிகச் சான்றிதழ் தரப்பட்டு, பின்னர் மறுமதிப்பீடு செய்யப்படும்; சான்றிதழ் பெறுவதால் குழந்தையின் மேல் நிலையான முத்திரை விழுந்துவிடாது. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீடு ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உதவும். தமிழ்நாடு அரசு தகுதியுள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது.

பள்ளியை நோக்கி

ஆரம்பகால இடையீட்டால் சில குழந்தைகள் வயதொத்தவர்களை எட்டிவிடுகின்றன. சிலருக்குக் குறைபாடு வாழ்நாள் முழுதும் தொடரும். அவர்களுக்கும் தானே உண்ணவும், தேவையைத் தெரிவிக்கவும், பிறரோடு சேர்ந்து விளையாடவும் பயிற்சி வழிசெய்கிறது. தாமதமுள்ள குழந்தையை அங்கன்வாடிக்கு அனுப்பத் தயங்க வேண்டியதில்லை. மற்ற குழந்தைகளைப் பார்த்துச் செய்வதும் பயிற்சிதான். குறிப்பிடத்தக்க அளவு குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை 2016 சட்டம் அளிக்கிறது. பள்ளியில் சேர்க்கும் நாளில் பயிற்சியின் இலக்குகளைக் குறித்துவைத்த ஏட்டையும் ஆசிரியரிடம் கொடுத்து, குழந்தை எதைத் தானே செய்யும், எதற்குக் கை கொடுக்க வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால், வீட்டில் தொடங்கிய பயிற்சி வகுப்பறையிலும் தொடரும்.