உங்களுக்குத் தெரியுமா? கண்ணாடி போர்த்திய இரும்புச் சட்டி

◆ எனாமல் என்பது ஒருவகைக் கண்ணாடி. சிலிக்கா மணலையும் போராக்ஸையும் வேறு சில தாதுக்களையும் சேர்த்து உருக்கி, ஆறவிட்டு, மாவாக அரைத்து, இரும்பின்மேல் பூசுவார்கள். அதைச் சுமார் 800 பாகை செல்சியஸ் சூட்டில் சுட்டால் மாவு மறுபடி உருகி இரும்போடு ஒன்றிவிடும். டச் ஓவன் என்று கடைகளில் விற்கும் கனத்த மூடிச் சட்டியின் உள்ளும் புறமும் பளபளப்பது இந்தக் கண்ணாடிதான். அதை வாங்கும்போதும் கழுவும்போதும் இந்த ஒரு செய்தி நினைவில் இருந்தால் பாதித் தவறுகள் நேராது.

◆ கண்ணாடிக்கு உள்ளே இருக்கும் இரும்பின் கதை இனி. சீகிரியாவுக்குப் போகிறவர்கள் குன்றேறி ஓவியங்களைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அதே வட்டாரத்தில், கிரி ஓயாப் படுகையில், அலகொலவெவவுக்கு அருகே தெஹிகஹ-அல-கந்த என்றோர் இடம் இருக்கிறது. ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே பெரிய அளவில் இரும்பு எடுத்திருக்கிறார்கள். 1980களின் இறுதியில் சீகிரியா, தம்புள்ளைப் பகுதிகளில் தொடங்கிய குடியிருப்பு ஆய்வுகளின் தொடர்ச்சியாக அந்த உலைகளும் கசடுக் குவியல்களும் வெளியே வந்தன. மாத்தளைப் பிள்ளைகளைப் பள்ளிச் சுற்றுலாவில் அழைத்துச் செல்பவர்கள் குன்றோடு சேர்த்து இதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

◆ அந்த உலைகளில் பிறந்த இரும்பை அச்சில் ஊற்ற முடியாது. அது துளைத்துளையான கட்டியாகத்தான் கிடைக்கும். சூட்டோடு சம்மட்டியால் அடித்துக் கசடை வெளியேற்றிய பிறகே கத்தியும் மண்வெட்டியும் ஆகும். தூய இரும்பு உருக 1,538 பாகை வேண்டும். ஆனால் இரும்பில் 4 சதவீதம் அளவுக்குக் கரி சேர்ந்துவிட்டால் 1,150 பாகையை ஒட்டியே உருகி, அச்சில் ஊற்றும் பதத்துக்கு வந்துவிடும். இதுவே வார்ப்பிரும்பு. சீனர்கள் இதைக் கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அறிந்திருந்தார்கள். உருக்கி ஊற்ற உதவும் அதே கரியால்தான் வார்ப்பிரும்புக்கு நொறுங்கும் குணமும் வருகிறது. அடித்துச் செய்த தாச்சி கீழே விழுந்தால் நெளியும். வார்த்த சட்டி சீமெந்துத் தரையில் விழுந்தால் வெடிக்கக்கூடும்.

◆ பலாங்கொடைக்கு அருகே சமனலவெவவில், பருவக்காற்று வீசும் சரிவுகளில் உலை கட்டி, காற்றின் விசையாலேயே இரும்பு உருக்கியதை தொல்லியலாளர் கில் ஜூலெஃப் 1996-இல் நேச்சர் இதழில் விவரித்தார். உலக உலோகவியல் வரலாற்றில் இலங்கைக்கு ஓர் இடம் பெற்றுத் தந்த கட்டுரை அது.

◆ டச் ஓவன் என்ற பெயரில் டச்சுக்காரர், அதாவது ஒல்லாந்தர், இருக்கிறார்கள். சட்டியைப் பரப்பியவர் ஆங்கிலேயர். ஈரமணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்கு ஆபிரகாம் டார்பி 1707-இல் காப்புரிமை பெற்றார். ஒல்லாந்தரின் வார்ப்பு வேலையைப் பார்த்துக் கற்றதால் அந்தப் பெயர் ஒட்டியது என்பார்கள். அதே ஒல்லாந்தர் 1658 முதல் 1796 வரை நம் கரையோரத்தை ஆண்டார்கள். மாத்தளையோ 1815 வரை கண்டி இராச்சியத்துக்குள் இருந்தது.

◆ பழைய டச் ஓவனுக்கு மூன்று கால்களும், விளிம்பு உயர்ந்த தட்டை மூடியும் உண்டு. கீழே தணல், மூடியின்மேலும் தணல். இதை நம் பாட்டிமாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பச்சட்டியை அடுப்பில் ஏற்றி, மூடியின்மேல் சிரட்டைத் தணலைப் பரப்பித்தான் அப்பம் சுட்டார்கள். போறணை இல்லாத வீடுகளில் கேக்கும் இப்படியே வெந்தது.

◆ இன்றைய வண்ணச் சட்டிக்கு 1925 முக்கியமான ஆண்டு. வார்ப்புக்காரர் ஆர்மண்ட் டெஸேகரும் எனாமல்காரர் ஒக்டேவ் ஓபெக்கும், பெல்ஜியம் நாட்டவர் இருவர், வடபிரான்சில் லெ க்ரூசே ஆலையைத் தொடங்கினார்கள். அவர்களின் முதல் நிறம் செம்மஞ்சள். உருகிய இரும்பின் நிறம். மூடியின் உட்புறம் சிறு முனைகள் வைத்து நீராவியைத் துளித்துளியாகக் கறிமேல் இறக்கும் ஸ்டாவ் சட்டி 1974-இல் அல்சாசில் பிறந்தது.

◆ கொறுக்காய்ப்புளி போட்ட மீன்கறியை வெறும் இரும்புத் தாச்சியில் இரவு முழுக்க விட்டுப் பாருங்கள். கறி கறுக்கும், நாக்கில் உலோகச் சுவை தட்டும். புளி இரும்பைக் கரைக்கிறது. அலுமினியமும் புளிக்கு இளகிக் கொடுக்கும். எனாமல் கண்ணாடி என்பதால் கொறுக்காய், பழப்புளி, தக்காளி எதற்கும் அசையாது. தம்புள்ளைப் பக்கத்துக் குளத்து மீனைப் புளிவிட்டு வற்றவைத்து மறுநாள் வரை வைத்துச் சாப்பிடும் வீட்டுக்கு மண்சட்டிக்கு அடுத்தபடி இதைத்தான் சொல்வேன். மண்சட்டியை இதற்குக் கீழே வைக்க எனக்கு மனம் வராது.

◆ ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எத்தியோப்பியாவில் இரும்புப் பாத்திரத்தில் சமைத்துச் சாப்பிட்ட பிள்ளைகளின் இரத்தத்தில், அலுமினியப் பாத்திர வீட்டுப் பிள்ளைகளைவிட ஹீமோகுளோபின் கூடியதாக 1999-இல் லான்செட் இதழ் ஓர் ஆய்வை வெளியிட்டது. எனாமல் பூசிய சட்டி அந்த இரும்புச்சத்தைத் தராது. கண்ணாடி நடுவில் நிற்கிறது. இரத்தசோகை உள்ள வீட்டில் புதுச்சட்டி வந்தாலும் பழைய தாச்சியைத் தூக்கிப் போடாதீர்கள். கீரை வறையை அதிலேயே செய்யுங்கள்.

◆ வார்ப்பிரும்பு சூட்டை வேகமாகக் கடத்தும் என்று பலர் நம்புகிறார்கள். அலுமினியம் அதைப்போல் நான்கு மடங்குக்குமேல் வேகமாகக் கடத்தும். வார்ப்பிரும்பின் பலம் அதன் கனம். 5 கிலோ இரும்புச் சட்டி, 1 கிலோ அலுமினியச் சட்டியைவிட இரண்டரை மடங்கு சூட்டைத் தன்னுள் வைத்திருக்கும். மெல்லச் சூடேறும், மெல்ல ஆறும். பிஞ்சுப் பலாக்காயைக் கறுவா, ரம்பை, கறிவேப்பிலையோடு மணிக்கணக்கில் வேகவைக்கும்போது, அடுப்பை அணைத்த பிறகும் கறி தானாகக் கொதித்துக்கொண்டிருக்கும். 2022-இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இதன் அருமை புரியும். அவித்த முட்டைக்கும் அவசர நூடுல்ஸுக்கும் இது தேவையே இல்லை.

◆ மாத்தளை என்றால் மிளகு, ஏலம், கராம்பு, சாதிக்காய். ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையமே இங்கேதான் இருக்கிறது. இவற்றின் மணம் ஆவியாகிப் பறக்கும் எண்ணெயில் உள்ளது. கனத்த மூடி நன்றாகப் பொருந்தினால் ஆவி மூடியில் குளிர்ந்து, நீராகித் திரும்பக் கறியிலேயே விழும். ஆகவே கடையில் முதலில் மூடியைச் சோதியுங்கள். மூடியை வைத்து விரலால் அழுத்தினால் ஆடக்கூடாது.

◆ அடுத்துப் பார்க்க வேண்டியது கைப்பிடி. நான்கு விரலும் பிடிதுணியோடு உள்ளே நுழைய வேண்டும். 26 சென்றிமீற்றர் அகலச் சட்டி சுமார் 5 லீற்றர் கொள்ளும். நான்கைந்து பேருக்குத் தாராளம். கறியோடு தூக்கினால் 9, 10 கிலோ வரும். மணிக்கட்டு வலி உள்ளவர்கள் சிறியதை எடுப்பதே நல்லது. உட்புறம் வெளிர் நிறமானால் வெங்காயம் சிவப்பது கண்ணுக்குத் தெரியும். கறுப்பானால் மஞ்சள் கறை தெரியாது. நான் வெளிர் நிறத்தின் பக்கம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, உள்ளே குமிழோ ஊசித்துளையோ இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

◆ 2006 நவம்பரில் நியூயோர்க் டைம்ஸில் வந்த ஒரு குறிப்புதான் இந்தச் சட்டியைப் பாண் சுடும் பாத்திரமாக உலகுக்குக் காட்டியது. ஜிம் லேஹி என்ற பேக்கரிக்காரரின் பிசையாத மாவை, மூடிய சூடான சட்டிக்குள் இட்டுச் சுடும் முறை அது. மாவிலிருந்து எழும் நீராவி உள்ளேயே அடைபட்டு மேலோட்டை மொறுமொறுப்பாக்கும். முயல்வதற்கு முன் மூடியின் குமிழைப் பாருங்கள். பிளாஸ்டிக் வகைக் குமிழ் என்றால் அது எத்தனை பாகை தாங்கும் என்று சட்டியோடு வந்த தாளில் எழுதியிருக்கும்.

◆ எனாமல் உடைவதற்குப் பெரும் காரணம் சூட்டின் பாய்ச்சல். இரும்பும் கண்ணாடியும் ஒரே அளவில் விரிவதில்லை, சுருங்குவதில்லை. வெறும் சட்டியைப் பெருந்தீயில் வைப்பதும், கொதிக்கும் சட்டியைக் குழாய்த் தண்ணீரில் பிடிப்பதும் அந்த இரண்டையும் பிய்த்து இழுக்கும். சிறு தீயில் எண்ணெயோடு தொடங்கி நடுத்தரத் தீக்கு மேல் போகாதீர்கள். விறகடுப்பிலும் இதில் சமைக்கலாம். சுவாலையைத் தணித்துத் தணலில் வையுங்கள். இன்டக்ஷன் அடுப்பில் தூக்கி வையுங்கள், இழுக்காதீர்கள்.

◆ சிரட்டை அகப்பை இதற்காகவே பிறந்தது எனலாம். சில்வர் கரண்டியால் விளிம்பில் தட்டும் பழக்கத்தை மட்டும் விட வேண்டும். சாம்பலும் மணலும் போட்டுத் தேய்க்காதீர்கள். கம்பிப் பஞ்சும் வேண்டாம். கண்ணாடியின் மினுக்கம் போனால் அதற்குப்பின் எல்லாமே ஒட்டும். அடிப்பிடித்தால் ஒரு லீற்றர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி அப்பச்சோடா போட்டுச் சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவிட்டு, மர அகப்பையால் தள்ளினால் கழன்றுவிடும். மஞ்சள் கறைக்கும் அதுவே.

◆ தம்புள்ளை, கலேவெலக் கிணற்று நீரில் சமைப்பவர்கள் சட்டியின் உள்ளே வெண்படலம் படிவதைப் பார்த்து எனாமல் தேய்ந்துவிட்டது என்று பயப்படுவதுண்டு. வறண்ட வலயத்து நீரின் சுண்ணாம்புதான் அது. தேசிக்காய்ச் சாற்றைத் துணியில் தொட்டுத் துடைத்து உடனே அலசினால் போய்விடும்.

◆ சட்டியும் மூடியும் தொடும் விளிம்பில் பல சட்டிகளுக்கு எனாமல் மிக மெல்லியது, சிலவற்றில் இல்லவே இல்லை. றத்தோட்டைப் பக்கத்து மழை மாதங்களில் அங்கேதான் துரு தொடங்கும். கழுவியதும் விளிம்பைத் துடைத்து ஒரு துளி எண்ணெய் தடவுங்கள். வெளிப்புறத்தில் எனாமல் சிறிது பெயர்ந்திருந்தாலும் இதையே செய்து சமையலைத் தொடரலாம். உள்ளே, கறி படும் இடத்தில் பெயர்ந்திருந்தால் சமைப்பதை அன்றோடு நிறுத்துங்கள். அடுத்த சில்லு சோற்றோடு வாய்க்குள் போகும்.